சடங்கு வீட்டுத் தழும்புகள்

டொராண்டோவில் என் எட்டு வயது மகளுக்கு வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனேன். மனிதர் அவளிடம் குனிந்து, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று அனுமதி கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். உடனே கையை எடுத்துக்கொண்டு அவளோடு கதை பேச உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மதுரையில் டாக்டர் நோயாளியிடம் பேசுவதே அபூர்வம், கூட வந்தவரிடம்தான் எல்லாம். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் 2003 வரை நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மதுரை விளாங்குடியில் என் அண்ணன் மகள் சங்கீதாவுக்குச் சடங்கு. பதினாறு வயதுவரை உட்காராத பெண் ஒருவழியாகப் பெரியமனுஷியாகிவிட்டாள் என்று மதினி போனில் சொன்னதை நம்பி விமானம் ஏறினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சேலை கட்டிவிடுவது அத்தையின் பொறுப்பு. வாசலில் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. உள்ளறையில் பாவாடை நாடாவை இறுக்கும்போது பார்த்தேன். அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு பக்கமும் சிவப்பு மாறாத தழும்புகள்.

"குடல்வால் ஆபரேசன் அத்தே," என்றாள். பிறகு மெதுவாக, "குடல்வாலு ரெண்டு பக்கமுமா இருக்கும்?"

அண்ணனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போனேன்.

"அவ வயசுக்கே வரலத்தா. கர்ப்பப்பையே இல்லையாம். ஆம்பளப் பிள்ளைக்கு இருக்கிற வெதை உள்ள இருந்துச்சாம். பின்னாடி கட்டி கிட்டி வரும்னாரு டாக்டரு, எடுத்தாச்சு. இனிமே வந்துரும், சடங்க முன்னாடியே செஞ்சுருவோம்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கோம், நீ மூச்சு விட்றாத. சடங்கச் செஞ்சுட்டா ஊரு வாய மூடிக்கிரும்."

"அவ ஒடம்புண்ணே! அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"சின்னப்பிள்ளகிட்ட என்னத்தக் கேக்குறது?"

உண்மையிலேயே புரியாமல் விழித்தார். மகள் மேல் உயிரையே வைத்திருக்கும் மனிதர். அந்த விழிப்புதான் என்னை உலுக்கிவிட்டது. திரும்பிப் போய்க் கதவைச் சாத்தி, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பிறந்ததே இப்படித்தான், உன்னைப்போல இன்னும் பலர் இருக்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றேன். அவள் அழவில்லை.

"இம்புட்டையும் எங்கிட்ட ஏன் அத்தே யாரும் சொல்லல?"

பதில் சொல்வதற்குள் தாய்மாமன் சீர் வந்துவிட்டது என்று கதவைத் தட்டினார்கள்.

டொராண்டோ திரும்பியதும் அதே டாக்டரிடம் ஆற்றமாட்டாமல் கொட்டினேன். எங்கள் ஊரில் இப்படிச் செய்கிறார்கள் பாருங்கள் என்று. அவர் ஆச்சரியப்பட்டு, "பதினாறு வயதிலா? பிறப்பிலேயே வித்தியாசம் வெளியே தெரிந்தால் இங்கே கைக்குழந்தையாக இருக்கும்போதே வெட்டிச் சரிசெய்துவிடுவார்களே," என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்திருக்கிறார். என் மகளின் வயிற்றைத் தொட அனுமதி கேட்ட அதே வாய்.

சடங்குப் படம் ஒன்று விளாங்குடி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, இன்னொன்று இங்கே என் ஃபிரிட்ஜ் கதவில். பட்டும் மாலையுமாகச் சங்கீதா இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அங்கே பார்ப்பவர்கள் வெட்கம் என்கிறார்கள். இங்கே என் மகள், "அவளுக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்கிறாள். இரண்டும் என் வீடுதான். இரண்டிலும் அவள் கையை எடுக்கவில்லை.