ஒற்றைக் கட்டையும் நானும்

சென்ற ஜூலையில், ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில், மெல்பர்னிலிருந்து பனிமலைக்குப் போனோம். என் பனிச்சறுக்குக் கட்டைகள் அலுவலகத் தோழியிடம் இரவல் வாங்கியவை. அவற்றை வெளியே வைக்கும்படி கணவரிடம் கொடுத்துவிட்டு உணவகத்துக்குள் போனேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், வாசலில் ஒற்றைக் கட்டைதான் நின்றது! தோழி முகத்தில் எப்படி விழிப்பேன்? காவலாளியிடம் ஓடி, திருட்டுப் போய்விட்டது என்று படபடத்தேன்.

பின்னால் வந்த கணவர், "கோயில்ல செருப்பைப் பிரிச்சு வைப்போம்ல? அதே மாதிரி இன்னொன்னைக் கட்டடத்துக்குப் பின்னாடி வெச்சேன்" என்றார்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று கத்தினேன்.

அப்போதுதான் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கவனித்தேன். ஜோடியாக வைத்த அவள் கட்டைகளைக் காணவில்லை.

இப்போது நானே பிரித்து வைக்கிறேன். எங்கே என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன்.