நூற்றுப் பதினெட்டு கிலோ வெல்லம்

எங்கள் வீட்டில் என் கணவரின் எடையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும் என்பது மாமியாரின் சட்டம். முப்பத்து நான்கு வருடம் அப்படிக் கண் படாமல் காக்கப்பட்டதில் அவர் நன்றாகவே வளர்ந்திருந்தார். எடை பார்க்கும் மெஷின் பேட்டரி தீர்ந்து பரண்மேல் கிடந்தது. மகளின் தடுப்பூசித் தேதிகளை மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, அந்தப் பேட்டரி வாங்குவது மட்டும் மாதாமாதம் மறந்துபோனது.

ஆனால் சாமியிடம் மறைக்க முடியாதே. பேத்தி பிறந்தால் மகனைத் துலாபாரத்தில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக மாமியார் வேண்டியிருந்தார். செம்பூர் கோயிலில் ஒரு தட்டில் என் கணவர் ஏறி உட்கார்ந்தார். மறுதட்டில் வெல்லம் ஏற ஏற, தட்டு அசையவே இல்லை. இருந்த வெல்லம் தீர்ந்து கோயில் ஆள் வெளியே கடைக்கு ஓடினார். அடுத்துக் காத்திருந்த குடும்பத்தின் கைக்குழந்தை அதற்குள் இரண்டு தடவை பால் குடித்துவிட்டது. மாமியார் முகத்தில் பெருமை தாங்கவில்லை. கடைசியில் ரசீது எழுதினார்கள்: வெல்லம், 118 கிலோ. எந்த ரசீதையும் போனில் படம் எடுத்துவைப்பது என் வியாதி. இதையும் எடுத்தேன்.

போன மழைக்காலத்தில் மகள் பிளே ஸ்கூலிலிருந்து சளி கொண்டுவந்தாள். இரண்டே நாளில் அதை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவருக்குக் காய்ச்சலும் இருமலும் பிடித்துக்கொண்டன. கிளினிக்குக்கு வர மறுத்ததால் டாக்டரை வீடியோ காலில் பிடித்தேன். என் கணவர் போனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தார்; டாக்டருக்குத் தெரிந்தது முகம் மட்டும்தான். எடை எவ்வளவு என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார்.

“பச்சாசி, டாக்டர் சாப்,” என்று பின்னாலிருந்து பதில் வந்தது. ஹிந்தியில் பத்து வார்த்தைகூடத் தெரியாத மாமியாருக்கு எண்பத்தைந்து மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. என் கணவர் மறுக்கவில்லை. மாமியாரை டாக்டர் முன்னால் பொய்யராக்குவது முறையா, இல்லை இது முறை பார்க்கிற நேரமா என்று யோசித்துக்கொண்டே மிச்சம் முப்பத்து மூன்று கிலோவை நான் விழுங்கினேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்; கால் முடிந்தது.

மறுநாள் காலை என் கணவரால் படுக்க முடியவில்லை. சோபாவில் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். ஆக்ஸிமீட்டர் தொண்ணூற்றொன்று காட்டியது. விரல் தடிமன், அதனால் மெஷினுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று மாமியார் விளக்கம் சொன்னார். என் விரலில் மாட்டினேன்: தொண்ணூற்றெட்டு. திரும்ப அவர் விரலில்: தொண்ணூற்றொன்று. பால்கனிக்குப் போய், கோயில் ரசீதை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது. வெல்ல பில்லை எதற்கு அனுப்புகிறீர்கள் என்றார். அது என் கணவரின் எடை என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. வயிறும் மார்பும் அவ்வளவு கனத்தால் நுரையீரல் விரிய இடம் இருக்காது, மற்றவர்கள் இருமியே தாண்டிவிடும் நோயில் இப்படிப்பட்டவர்கள் செத்துப்போகிறார்கள், இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்தில் அட்மிட் செய்தோம். ஐசியூவில் ஆறு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீ வெயிட்ட வெளிய சொன்னல்லா, அதான் எம்புள்ள இப்படிக் கெடக்கான்.”

“சொல்லலன்னா இப்படிக்கூட கெடந்திருக்க மாட்டாவ, அத்தை.”

அப்படிப் பதில் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க வருந்தினேன். மாமியாருக்கு ஒரு டீ வாங்கிவந்தேன். சர்க்கரை குறைவு என்றார்.

என் கணவர் ஒன்பது கிலோ குறைந்து வீட்டுக்கு வந்தார். ஐசியூ வாசலிலேயே மாமியார் இன்னொரு துலாபாரம் வேண்டியிருந்தார். ஆனால் உடனே வேண்டாம், தை மாதம் வைப்போம் என்றார். போன தடவையைவிட எடை குறைந்தால் சாமிக்குக் குறைச்சலாம். அடுப்பில் நெய் காய ஆரம்பித்தது.

நான் கோயில் ஆபீசுக்குப் போன் செய்து, வருகிற வெள்ளிக்கிழமைக்கே எழுதிவைத்தேன்.

“அதுக்குள்ள என்னட்டி அவசரம்?”

“வேற நாளே காலி இல்லையாம், அத்தை. தை முடியுற வரைக்கும்.”

‘பச்சாசி’ சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, அதே போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன்.