மஞ்சள் கறைப் புத்தகம்

ஜோசஃபின் டீச்சருக்கு அழுக்கு என்றாலே ஆகாது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கரித்தூளோடு வளர்ந்தவள். அதனாலேயே இப்படி ஆனாளோ என்னவோ. கல்யாணம் வேண்டாம் என்றாள், மிஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள், கடைசியில் ஒரு புத்தக அலமாரியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்தினாள். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிகளில் நூலகம் பார்த்துக்கொள்ளப் போகும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி. அட்டை போடுவது, எண் ஒட்டுவது, குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு இரவல் கொடுத்துச் சொன்ன சனிக்கிழமை திரும்ப வாங்குவது, எல்லாம் அதில் உண்டு. கல்வி இலாகா அங்கீகரித்தால்தான் அவர்கள் வாங்கும் சான்றிதழ் செல்லும். இல்லாவிட்டால் வகுப்பையே மூடிவிடுவதாகப் பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது.

இன்ஸ்பெக்டர் இராமலிங்கம் பார்வையிட வருகிறார் என்றதும் டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் கிழிசலுமாக இருந்த புத்தகங்களையெல்லாம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கே அனுப்பி, "இந்த வாரம் யாரும் திருப்பிக் கொண்டாந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். யார் கையும் படாமல் பூட்டி வைத்திருந்த புதுப் புத்தகங்கள் அலமாரிக்கு ஏறின. கண் பட்டுவிடும், அத்தனை அழகு!

இராமலிங்கம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பிரியவில்லை. அச்சகத்திலிருந்து வந்தபடியே தாள்களின் ஓரம் வெட்டாமல் கிடந்தது. அடுத்ததும் அப்படியே.

"இதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?"

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் லெட்சுமி வந்து நிற்க வேண்டும்! தண்டவாள வேலைக்காரரின் மனைவி. ஊரில் இல்லாததால் சேதி அவளுக்கு எட்டவில்லை. சனிக்கிழமை ஆச்சே என்று வந்துவிட்டாள். கையிலிருந்த புத்தகத்தில் மஞ்சள் விரல் தடம், நடுவில் காய்ந்த சோற்றுப் பருக்கை.

"இது உங்க புத்தகமா?" என்று டீச்சரைக் கேட்டார் இராமலிங்கம்.

"இல்லைங்கய்யா, எங்களுது இல்லை." வாய் முந்திக்கொண்டது.

லெட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது. "ஐயோ டீச்சர், நீங்கதானே கையில குடுத்தீங்க? நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

முதல் பக்கத்தில் பள்ளி முத்திரை இருந்தது. டீச்சர் தலைகுனிந்து நடந்ததைச் சொன்னாள். இராமலிங்கம் மற்ற புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லி, பிசுக்கும் கறையுமாக ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு பேர் படிக்கிறாங்க. இதைப் போயா ஒளிச்சு வச்சீங்க?" என்று சலித்துக்கொண்டே அங்கீகாரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு பல வருஷம் நன்றாகவே நடந்தது. ஜோசஃபின் டீச்சர் மட்டும் அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு லெட்சுமி வீட்டுக்குப் போய்ப்போய்ப் பார்த்தாள்.

"கை அழுக்கா இருக்கு டீச்சர்" என்று சொல்லி, லெட்சுமி அதை வாங்கவே இல்லை.