பட்டினி போட மனம் வராத தட்டுகள்

எதிர்ப்படுவோரிடமெல்லாம் "சாப்டியா?" என்று கேட்பதால் ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் சாப்டியாக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளாக அவர் பணி ஒன்றே: பிளாஸ்டிக் தட்டுகளில் உயிரணுக்களை வளர்ப்பது. இளஞ்சிவப்பு ஊட்டநீரை மாற்றுவார். உடற்சூட்டில் இயங்கும் பெட்டிக்குள் தட்டுகளை அடுக்கி, கதவை ஓசைப்படாமல் சாத்துவார்.

அங்கே ஆராயப்பட்டது ஒரு புரதம். உயிரணுவில் பழுதானவற்றை ஒரு முனையால் பற்றி, மறுமுனையால் அவற்றைச் செரிமானப் பையில் சேர்ப்பது அதன் வேலை. ஆபத்துக் காலத்தில் எச்சரிக்கை எழுப்புவதிலும் அதற்குப் பங்குண்டு. குப்பையோடு சேர்ந்து தானும் செரிந்துவிடும். துப்புரவு நின்றால் குப்பையும் புரதமும் கட்டிகட்டியாகத் தேங்கும். சில தசை நோய்களிலும் நரம்பு நோய்களிலும் அந்தத் தேக்கத்தைக் காணலாம்.

அதைக் கரைக்கும் மருந்துக்காக ஆய்வாளர் அம்மையார் நான்கு ஆண்டுகள் உழைத்திருந்தார். கடைசிச் சோதனையில் மருந்திட்ட பின்னும் நுண்ணோக்கி நிறையப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு தேக்கம்.

"அவ்ளோதான்க்கா. நாளைக்குக் கூட்டத்துல இத மூட்ட கட்டச் சொல்லிடுவாங்க."

அக்காவின் முகம் வெளிறியது. மருந்திடுவதற்கு முன் அணுக்களை ஆறு மணி நேரம் பட்டினி போடுவது விதி. பசித்த அணுவே தன் குப்பையைத் தின்று தீர்க்க முனையும். வயிறு நிறைந்த அணு சோம்பிக் கிடக்கும்.

"மேடம்... நேத்து பட்டினி நேரத்துல நான் அதுங்களுக்கு ஊட்டநீர் ஊத்திட்டேன்."

"என்னது!"

"வாடிப்போயிருந்துச்சு மேடம். மனசு கேக்கல. கொஞ்சூண்டுதான்."

"கொஞ்சூண்டா? விருந்தே வச்சிருக்கீங்க! எனக்குக்கூட ஒரு நாள் டீ போட்டுக் குடுத்ததில்ல!" அம்மையார் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். பிறகு ஆய்வுக்கூட இயக்குநரை அழைத்து, பிழை மருந்தில் இல்லாமல் சோதனையில் இருக்கலாம் என்று சொல்லி ஒரு வாரத் தவணை கேட்டார். சோதனைக் குறிப்பேட்டில் தம் தவற்றை அக்காவே எழுதிக் கையொப்பமிட்டார்.

மறுமுறை அந்த ஆறு மணி நேரமும் அவர் பெட்டியின் பக்கம் போகவில்லை. "சாயங்காலம் வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியவற்றையே மீண்டும் கழுவினார்.

புள்ளிகளை இருவரும் தனித்தனியே எண்ணினர். மருந்திட்ட தட்டில், மருந்திடாத தட்டில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. மருந்துக்கு இன்னும் ஓராண்டு கிடைத்தது.

பெட்டியின் கதவில் அம்மையார் ஒரு சீட்டு ஒட்டினார்: "இங்கே பாவம் பார்க்கக் கூடாது."

சீட்டு கோணலாக இருக்கிறது என்று சொல்லி, அக்கா அதைப் பிரித்து நேராக ஒட்டினார்.