நாற்பது கம்பிச் சக்கரமும் எங்க வீட்டுக்காரரும்

தோழிகளே, இந்தக் கார்டு உங்கள் நாலு பேருக்கும் பொது. படித்ததும் கை மாற்றிவிடுங்கள்.

என் சைக்கிளின் பின் சக்கரத்தில் இந்த மாசம் மூணாவது தடவையாகக் கம்பி அறுந்தது. இன்று எங்க வீட்டுக்காரரோடு திருக்கோகர்ணம் சைக்கிள் கடைக்குப் போய், எங்கள் பாரத்துக்குத் தக்கபடி புதுச் சக்கரமே கோர்க்கச் சொன்னேன்.

"லேடீஸ் சைக்கிளுக்கு முப்பத்திரண்டு கம்பி போதும்மா" என்று ஒரு லேசான ரிம்மை எடுத்தார் கடைக்காரர்.

"பாரம் பாக்காமச் சொல்லாதீங்க" என்றேன்.

"சரி. சார் சீட்ல ஏறட்டும், நீங்க பின்னாடி உக்காருங்க. டயர் எவ்வளவு அமுங்குதுன்னு பாப்போம்."

நான் சேலையைச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறினேன். எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் பையோடு கேரியரில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் டயரைப் பார்க்க மறந்து எங்களையே பார்த்தார்.

"திருவரங்குளம் வரைக்கும் தினமும் இப்படித்தாங்க. நான் பள்ளிக்கூடத்துக்கு, இவரு ஆபீசுக்கு. பாதி ரோடு சரளைக்கல்லு. நாப்பது கம்பி போடுங்க, அதுவும் தடிச்ச கம்பியா."

கடைக்காரர் கனமான ரிம்மை எடுத்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்க வீட்டுக்காரர் பக்கம் குனிந்து மெதுவாக, "சார், ஓட்டக் கத்துக்கணும்னா விடிகாலைல வாங்க. யாரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

இவர் கேரியரை விட்டு இறங்கவே இல்லை.

"எதுக்குங்க? முன்னாடி உக்காந்தா எதிர்க்காத்து."

சக்கரம் நாளைச் சாயங்காலம் தயாராகிவிடும். நீங்கள் பதில் எழுதுங்கள்: எங்கள் ரெண்டு பேரில் யார் கெட்டிக்காரர்?