மச்சான் ஸ்டக் ஆகி நின்ற வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார், நான் சங்கரன்கோவிலில். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இருவரும் லேப்டாப்பில் ஒரு கேமுக்குள் போவோம். காட்டில் மரம் வெட்டி வீடு கட்டும் கேம். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்தது ஒரேயொரு லீவுக்குத்தான். அதனால் அந்தக் கேம்தான் எங்களுக்குக் குடித்தனம்.

அதற்கும் வந்தது கேடு. போன மாதம் கேம் ஸ்டக் ஆக ஆரம்பித்தது. அவர் கோடாரியை ஓங்கினால் ஓங்கியபடியே நிற்பார். திடீரென்று மரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பார். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது.

"என்ன மச்சான், மண்ணு மாதிரி நிக்கீய?"

"நான் நடந்துகிட்டுதாம்ட்டி இருக்கேன். உன் லேப்டாப்பைப் பாரு."

முதலில் பக்கத்துத் தெரு விசைத்தறிகளைத் திட்டினேன், கரண்ட்டை அவைதான் இழுக்கின்றன என்று. பிறகு நெட்காரரைத் திட்டினேன். கடைசியில் மச்சான்தான், "லேப்டாப்பை எதுமேல வச்சிருக்க?" என்று கேட்டார். அவர் அனுப்பிய புலிப்படக் கம்பளியின் மேல்தான். அவர் வாங்கித் தந்த லேப்டாப்பை வெறும் பலகையில் வைக்க மனசு வருமா?

"அடி கூறுகெட்டவளே, அது மூச்சு விடாண்டாமா?" என்று சிரித்தார். கம்பளியை உருவிவிட்டு முக்காலியில் வைத்தேன். சூடு தணிந்தது, ஸ்டக் ஆவது நிற்கவில்லை.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல, செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகக் குறைத்தேன். நிழல் போயிற்று, புல் போயிற்று. எவ்வளவு தூரம் வரை தெரியவேண்டும் என்று ஒன்று இருந்தது. அதையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். மாஷா அல்லாஹ், என்ன ஓட்டம்!

"சரி, நீ சுவரை வையி. நான் மேட்டுல போயி மரம் வெட்டிட்டு வாரேன்" என்று கிளம்பினார். பத்தடி போயிருப்பார், ஆளைக் காணோம். மேட்டையும் காணோம். வெள்ளையாக மூட்டம் மட்டும் நின்றது.

"மச்சான்!" என்று கத்திவிட்டேன்.

"இங்கனதாம்ட்டி நிக்கேன். எனக்கு உன்னைய நல்லாத் தெரியுதே."

எனக்குத் தெரியவில்லையே. வாரம் முழுக்க வீடியோ காலில் முகத்தைப் பார்க்கிறேன், சரி. ஆனால் அவர் தூரத்திலிருந்து என்னை நோக்கி நடந்து வருவதை இந்தக் கேமில் மட்டும்தான் பார்க்க முடியும். அதுவும் இல்லையென்றால் எனக்கு எதற்கு இந்த எழவு? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூரத்தை மறுபடி முழுசாக ஏற்றினேன்.

மேடு வந்தது. தோளில் கட்டையோடு அவரும் வந்தார், நின்று நின்று, விட்டு விட்டு.

"இப்ப ஸ்டக் ஆகுதாட்டி?"

"இல்ல மச்சான், நல்லா ஓடுது. நீங்க மெதுவாவே வாங்க."