கதவில் ஒட்டிய சம்மன்

எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த சம்மனைக் கிழித்தவன் நான்தான். அறுபது வருடங்களாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி. நைனா, என் அப்பா, காவடி எடுத்திருந்தார். அம்மாவும் தெருவில் இருந்த எல்லோரும் திரண்டு அவரோடு மலையேறிவிட்டார்கள். காலில் ஆணி குத்திப் பழுத்திருந்ததால் என்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

மதியம், வீடு வீடாகச் சம்மன் கொண்டுபோகும் கோர்ட்டு அமீனா சைக்கிளில் வந்து இறங்கினார்.

“உங்க நைனா எங்கப்பா?”

“காவடி எத்துக்கினு மலைக்குப் போய்கிறாரு.”

“நானும் நாள் பாத்து வந்தேன் பாரு! வாய்தா கிட்ட வந்துடுச்சு. சின்னப் பையன் உன் கையில குடுக்கவும் கூடாது. கதவுல ஒட்டிட்டுப் போறேன், வந்ததும் காட்டு.”

என்ன காகிதம் என்று கேட்டேன். கரும்புக் கொல்லைக்குப் போகும் வண்டிப் பாதை தனக்கே சொந்தம் என்று பெரியப்பா வழக்குப் போட்டிருக்கிறார் என்றார். என் முகம் மாறியதைக் கவனித்திருப்பார் போல.

“பிரதிவாதின்னா திருடன்னு நெனச்சிக்காத. உன் பக்கத்து நியாயத்த வந்து சொல்லுன்னு கூப்பிடறாங்க, அவ்ளோதான்.”

இப்படி ஒட்டும்போது அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அன்று தெருவில் ஆளே இல்லாததால் கையெழுத்து இல்லாமலே ஒட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை நீட்டியபோது என் காலைப் பார்த்தார். உட்கார்ந்து, அழுக்குத் துணியை அவிழ்த்து, மிச்சத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் வகுப்பில் ஒருவனுடைய அப்பா கோர்ட்டுக்குப் போய்வந்தார் என்பதற்காக அவனை நாங்கள் எல்லோரும் “கம்பி எண்ணி மகன்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து அத்தையும் மாமாவும் விருந்துக்கு வருவார்கள். கதவில் நைனாவின் பெயரைப் படிப்பார்கள். பசை காய்வதற்குள் சம்மனைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். கதவை ஈரத்துணியால் துடைக்கவும் செய்தேன்.

வாய்தா அன்று கோர்ட்டு வாசலில் டவாலி நைனாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். நைனா அப்போது கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பிரதிவாதி வராததால் பெரியப்பா சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிட்டது. பாதையில் கல்லும் முள்கம்பியும் நட்டார்கள். வெட்டும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கரும்பை வெளியே கொண்டுவர எங்களுக்கு வேறு வழி கிடையாது.

“அமீனா வந்தாராடா?” என்று நைனா ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

“வரல நைனா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் பொய் சொல்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சம்மனே வரவில்லை என்று சொல்லி, தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டார். அந்த விசாரணையில் என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். உண்மையைச் சொன்னால் பாதை போய்விடும், நைனா தோற்றுவிடுவார் என்று நினைத்தேன்.

“அன்னிக்கி இவர் உங்க வீட்டுக்கு வந்தாரா?” என்று நீதிபதி கேட்டார்.

“வரலைங்க.”

எதிரே நின்ற அமீனா, “கண்ணு, தண்ணி குடுத்தியேப்பா...” என்றார். நடுவில் பேசக்கூடாது என்று அவரை அதட்டினார்கள். நான் மரத்தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு ரத்தானது. நைனா பிரதிவாதியாகப் போய்த் தன் பக்கத்தைச் சொல்லி, பாதையை மீட்டார். ஒட்டாத சம்மனை ஒட்டியதாக எழுதினார் என்று அமீனாவை வேலையிலிருந்து நிறுத்தி, அவர் மேல் கிரிமினல் வழக்குப் போட்டார்கள். அவரிடம் சாட்சிக் கையெழுத்து இல்லை.

நான் பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் கோர்ட்டு. அதுவரை பிறர் வீட்டுக்குச் சம்மன் கொண்டுபோனவர், குற்றம் சாட்டப்பட்டவர்களோடு மரத்தடியில் குந்தி, தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார். ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டார். ஓடப் பார்த்தேன்.

“கால் ஆறிடுச்சாப்பா?” என்றார்.

பள்ளிக்கூடம் வரை ஓடினேன். இரண்டு வருடம் கழித்து அவரை விடுதலை செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலை திரும்பக் கிடைப்பதற்குள் அவர் இறந்துபோனார்.

பின்னாளில் நானும் சட்டம் படித்தேன். வீட்டுப் பிள்ளை சம்மனைக் கிழித்துவிட்டான், தகப்பனுக்கு விஷயமே தெரியாது என்று சொல்லியிருந்தாலும் அந்தத் தீர்ப்பை ரத்து செய்திருப்பார்கள். என் பொய் நைனாவுக்குத் தேவைப்படவே இல்லை.

அந்த மரத்தடியில் எனக்குப் புரியாமல் போனது இன்னொன்று. என் சாட்சிப்படி எங்கள் வீட்டுக்கே வராதவருக்கு என் கால் புண் எப்படித் தெரியும்? அவர் கட்டிய கைக்குட்டைத் துண்டை, யாருடையது என்று கேட்காமல், அம்மாவே அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். கூண்டில் நான் நின்றபோது, தண்ணீரைச் சொன்னவர் அந்தக் கால் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறந்துவிட்டாரா, ஒரு பிள்ளையைப் பொய்யனாக்க மனம் வரவில்லையா, தெரியாது. தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியத்தை என்னிடம் நலம் விசாரிக்கத்தான் அவர் பயன்படுத்தினார்.

அன்று எனக்கோ, அவர் என்னைப் பிடிக்க வருகிறார் என்றுதான் தோன்றியது.